இரக்கம் யோக்கியதை ஆகுமா?

(பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கண் தெரியாத, காது கேளாத, அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு என்ன யோக்கியதை இருக்க வேண்டும் என்பதாகும். இது உபாத்தியாயர்களும் கல்வி இலாகாக்காரர்களும் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். அப்படி நினைப்பதுதான் இந்த விஷயம் இவ்வளவு காலமாகச் சீர்ப்படாமல் கிடப்பதற்குக் காரணம் என்று நாம் சொல்லுகிறோம்.

நம் வீட்டு மாட்டுக்குச் சீக்கு வந்தால் படித்த மாட்டு வைத்தியர் வேண்டும் என்கிறோம். லாரி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் உண்டா என்று போலீசார் பார்க்கிறார்கள். கம்பத்தில் ஏறி மின்சாரக் கம்பியைத் தொடுகிறவன் வேலை தெரிந்தவனா என்று கேட்கிறோம். ஆனால் காது கேளாத ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோமே, அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் அந்த வித்தையைப் படித்தவரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மாட்டுக்கும் லாரிக்கும் மின்சாரத்துக்கும் கேட்கிற கேள்வி, நம் பிள்ளைக்கு மாத்திரம் ஏன் வாயில் வருவதில்லை?

காரணம் என்னவென்றால், அந்தப் பிள்ளை படித்து முன்னுக்கு வரப்போகிற பிள்ளை என்ற நினைப்பே நமக்கு இல்லாததுதான். பிறக்கும்போதே கண் இல்லையென்றால், “போன ஜென்மத்துப் பாவம்” என்றும், “தாய் தகப்பன் செய்த வினை” என்றும் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். தலையெழுத்து என்று தீர்மானித்து விட்ட பிறகு எழுத்து எதற்கு, எண் எதற்கு? சோறு போட்டால் புண்ணியம், துணி கொடுத்தால் தர்மம் என்பதோடு கடமை தீர்ந்து போகிறது. தர்மம் கொடுக்கிறவனிடத்தில் யோக்கியதை உண்டா என்று யாராவது கேட்பார்களா? கொடுத்தவரைக்கும் லாபம் என்றுதானே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது? இந்த மனப்பான்மையே பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்துகொண்டு, “இந்தக் குழந்தைகளுக்கு அன்பாக ஒருவர் இருந்தால் போதாதா?” என்று பேசச் சொல்லுகிறது. குருடு, செவிடு என்று சொல்லி வந்ததை நிறுத்தி மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிட்டோம். நல்ல காரியந்தான். ஆனால் பெயரை மாற்றியவர்கள் எண்ணத்தையும் மாற்றினால்தான் பிள்ளைக்குப் பிரயோஜனம்.

சரி, அன்பு போதாது என்றால் வேறென்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சற்று விவரமாகவே பார்ப்போம்.

கண் தெரியாத பிள்ளை படிப்பது பிரெயில் என்னும் புள்ளி எழுத்தாகும். ஆறு புள்ளிகள், இரண்டு வரிசை, அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழ் உள்பட நம் தேசத்துப் பாஷைகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற ஏற்பாடு 1951-இல் வந்தது. இதைப் பலகையில் வைத்து ஊசியால் குத்தி எழுதும்போது காகிதத்தின் பின்புறத்தில் குத்த வேண்டியிருப்பதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாக விரலால் தடவிப் படிக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இதை அறியாத ஒருவர் எவ்வளவு தங்கமான மனுஷராயிருந்தாலும், பிள்ளை எழுதியது சரியா தப்பா என்று எப்படிச் சொல்லுவார்? தடவிப் பார்த்துவிட்டு “நன்றாயிருக்கிறது கண்ணு” என்று முதுகைத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டுக்கு மார்க்கு உண்டா?

காது கேளாத பிள்ளையின் சங்கதி இதைவிடக் கஷ்டமானது. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருமுன்னமே வீட்டில் ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டு வருகின்றன. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பாஷை காது வழியாக வந்து சேர்வதேயில்லை. ஆகவே சைகை மொழியாயினும் சரி, காதுக் கருவியின் உதவியாலாயினும் சரி, முதலில் ஒரு பாஷையை அதற்கு உண்டாக்கிக் கொடுத்துவிட்டு அப்புறந்தான் பாடம் நடத்த வேண்டும். இது தெரியாத உபாத்தியாயர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயலுகிற பிள்ளைக்கு அந்த நிமிஷத்தோடு பாடம் அறுந்து போகும். கடைசியில் “இது மக்குப் பிள்ளை” என்று சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள். மக்கு யார் தோழர்களே?

அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைக்கோ, சட்டைக்குப் பொத்தான் போடுவது என்ற ஒரே காரியத்தைப் பத்துப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியாகப் பழக்கி, எந்தப் படியில் தடுக்கிறது என்று குறித்து வைத்து, அடுத்த மாதத்துக்குத் திட்டம் போட வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை திட்டம் வேறுபடும். இதெல்லாம் தாயன்பினால் தானாக வந்துவிடுகிற சக்தியல்ல. படித்தும் பழகியும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்.

இது தொழில்தான் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1992-ஆம் வருஷத்திலேயே இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் செய்யப்பட்டது. அதன்படி சிறப்புக் கல்வியில் டிப்ளமாவோ பி.எட். பட்டமோ பெற்று, கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இந்த வேலையைச் செய்யலாம். பதியாதவர் செய்தால் ஒரு வருஷம் வரை ஜெயிலோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். 2009-இல் செய்யப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்றது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணிச் சொல்லி, பிரெயிலும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தே, பயிற்சி கொடுத்து நியமிக்க வேண்டும் என்று சர்க்காரின் தலையில் பொறுப்பை வைத்தது.

இவ்வளவு சட்டம் இருந்தும் உத்தியோகம் ஏற்படுத்தினார்களா என்றால், சிறப்புக் கல்வி படித்துவிட்டு நின்ற ஆசிரியர்களே கோர்ட்டுப் படியேற வேண்டியதாயிற்று. 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று அளவு வகுத்துச் சொல்லிற்று. அப்புறமும் காரியம் நடக்காததால் 2025 மார்ச் 7-இல் மறுபடியும் அதே கோர்ட்டு, மாகாண சர்க்கார்கள் எத்தனை உத்தியோகம் வேண்டுமென்று கணக்கிட்டு அறிவிக்க வேண்டும், யோக்கியதை உள்ளவர்களைக் கொண்டே நிரப்ப வேண்டும், வருஷக் கணக்கில் ஒப்பந்தத்தில் வேலை செய்து வருகிறவர்களைத் தேர்வுக் குழு வைத்துப் பார்த்து யோக்கியதை இருந்தால் நிலையான சம்பளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. சட்டம் பிறந்து 33 வருஷம் கழித்து, எத்தனை பேர் தேவை என்று முதலில் எண்ணிப் பாருங்கள் என்று கோர்ட்டு சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இந்தப் பிள்ளைகளை நாம் எந்தக் கணக்கில் வைத்திருந்தோம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர் என்று சொன்னால் தையல், ஓவியம், சங்கீதம் சொல்லிக் கொடுப்பவரைத்தான் பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொள்கிறார்கள். நாம் பேசுகிறவர்களுக்குச் சிறப்புப் பயிற்றுநர் என்று பெயர். இவர்களில் அநேகர் வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் பல பள்ளிகளைப் பார்க்கிறவர்கள். தொகுப்பூதியம் என்ற பெயரில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருஷக் கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள். அவர் வருகிற நாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மற்ற நாளெல்லாம் பெஞ்சு. அதிலும் ஒருவர் படித்தது கண் தெரியாதவர்க்குக் கற்பிக்கும் படிப்பாயிருக்கும். அவர் முன்னால் வந்து உட்காருவது காது கேளாத பிள்ளையாயிருக்கும். கண் வைத்தியரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லுவது எப்படியோ அப்படித்தான் இதுவும். குற்றம் அந்த ஆசிரியருடையதல்ல. சர்க்கார் யோக்கியதையைக் கேட்கிற இடத்தில் முழுதாகக் கேட்கிறது. கூலி கொடுக்கிற இடத்தில் பாதியாகக் கொடுக்கிறது.

இதற்குச் சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். “யோக்கியதை, யோக்கியதை என்று பிடிவாதம் செய்தால் ஆள் கிடைக்கமாட்டார்கள், அரைகுறையாயினும் ஒருவர் இருப்பது நல்லதல்லவா?” என்கிறார்கள். அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே 1975-இல் இந்தப் பிள்ளைகளின் கல்விக்கென்றே சட்டம் செய்தார்கள். சிறப்புக் கல்வி ஆசிரியருக்குப் பட்டமும் மாகாண சர்க்காரின் முழுச் சர்ட்டிபிகேட்டும் வேண்டும், அவசரம் என்றும் தற்காலிகம் என்றும் சொல்லி அதைத் தளர்த்தக் கூடாது என்று இப்போதைய சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றுக்கொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு மாத்திரம் மேற்பார்வையின் கீழ் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அங்கேயும் ஆள் பஞ்சம் தீரவில்லை. ஆனால் சாதாரணக் கணக்கு வாத்தியார் கிடைக்கவில்லையென்றால், கணக்குத் தெரியாதவரை நியமித்துவிடலாம் என்று எந்தப் பணக்காரப் பெற்றோராவது சம்மதிப்பார்களா? ஏழையின் பிள்ளைக்கும், ஊனமுற்ற பிள்ளைக்கும் மாத்திரம் ஏன் இந்த “அரைகுறையாயினும்” என்ற வார்த்தை? ஆள் இல்லையென்றால் ஆளை உண்டாக்குவதற்கு வழி தேட வேண்டுமே தவிர, பிள்ளையின் பங்கைக் குறைப்பதா பரிகாரம்?

மற்றொரு ஆட்சேபணையை நாம் அலட்சியமாகத் தள்ள மாட்டோம். யோக்கியதை என்று சொல்லியே எளிய ஜனங்களை வெளியே நிறுத்துகிற தந்திரம் இந்த நாட்டில் நெடுநாளாக உண்டு. இங்கேயும் அது சுவராக நின்றுவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குச் சரித்திரமே பதில் சொல்லுகிறது. புள்ளி எழுத்தை 1824-இல் கண்டுபிடித்த லூயி பிரெயில் தாமே கண் தெரியாதவர். அப்போது அவருக்கு வயது 15. பாரிஸ் பள்ளியில் மாணவராயிருந்து அங்கேயே உபாத்தியாயராகவும் ஆனவர். கண் தெரிந்த அதிகாரிகள் அந்த எழுத்தைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது அவர் 1852-இல் செத்து இரண்டு வருஷம் கழித்துத்தான். அதேபோல 1880-இல் இத்தாலி தேசத்து மிலான் நகரில், காது கேளாதோர் கல்வியைப் பற்றி மகாநாடு கூட்டி, சைகை மொழி கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் அநேகமாக எல்லாரும் காது கேட்கிறவர்களே. அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்து அதைத் தள்ளியது 2010-இல். 130 வருஷம் சென்று போயிற்று. ஆகவே நாம் கேட்கிற யோக்கியதை சாதி யோக்கியதையுமல்ல, இங்கிலீஷ் பகட்டுமல்ல, வெறுங் காகிதமுமல்ல. அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்று தெரிந்திருக்கிற யோக்கியதை. அது கண் தெரியாதவரிடமும் காது கேளாதவரிடமும் மற்றவர்களைவிட நிறையவே இருக்கலாம். அவர்களும் பயிற்சி பெற்று அந்த நாற்காலியில் உட்காருவதற்கு வழி செய்தால், யோக்கியதை சுவராக நிற்காது, வாசலாகவே இருக்கும்.

பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்க்கும் காது கேளாதவர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோன்றிவிட்டன. அப்போதே இது முடியும் என்று கண்ட காரியத்தை, இன்று ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் உள்ள காலத்தில் முடியாது என்று சொல்லுவதற்கு யாருக்கும் முகமில்லை.

தோழர்களே! நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும். அங்கே போய் நாலு கேள்வி கேளுங்கள். நம் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்று உள்ள ஆசிரியர் யார்? அவர் எந்தக் குறைபாட்டுக்குரிய படிப்புப் படித்தவர், கவுன்சிலில் பதிந்தவரா? வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? கேட்டதையும், அவர்கள் சொன்ன பதிலையும் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆசிரியருக்கு நிலையான வேலையும் சரியான சம்பளமும் வேண்டும் என்பதையும் கூடவே எழுதுங்கள். வயிறு காய்கிறவரிடம் வித்தையை மாத்திரம் கேட்பது யோக்கியமல்ல. கிராமத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் படிக்க மாவட்டந்தோறும் பயிற்சிப் பள்ளியும் உபகாரச் சம்பளமும் வேண்டும் என்று உங்கள் ஓட்டைக் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

இரக்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இரக்கம் உள்ளவர் படித்துக்கொண்டு வரட்டும். நம் பிள்ளைகளுக்கு வர வேண்டியது பிச்சையல்ல, பாக்கி. பாக்கியை வசூல் செய்யப் போகிறவன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் கணக்கை நாளைக்கே உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.