கவனமும் ஓர் அமானிதம்



நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடனில் படித்த தம்பி ஒருவர், மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறார். இரவில் கண்விழித்து, கல்லூரி மாணவர்களுக்குக் காசுக்குப் புராஜெக்ட் செய்து தருகிறார். ஏன் என்று கேட்டோம். "உங்கள் தவணையைக் கட்டத்தான்" என்றார். தலைகுனிந்தோம்.

1985 முதல் 1987 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகள்மீது அளவுமீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் இறந்தார்கள். மென்பொருள் பிழையும் அதற்கு ஒரு காரணம். மாணவர் புராஜெக்டில் பிழை வந்தால் மதிப்பெண் குறையும். இங்கே உயிர் போகும்.

அவருடைய தவணையை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டோம். சிரமப்படும் மற்றவர்களும் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் புராஜெக்டை விலைக்கு வாங்கித் தராதீர்கள். நாளை அவர்கள் கையிலும் உயிர்கள் இருக்கும்.