பறையும் பாட்டும் நம் பங்கும்

(பொன்விழாவையொட்டி, பாடகர் குழுவினர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாத் திருப்பலியில் காணிக்கைப் பவனிக்குப் பறை அடிக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேள்வி எழுந்தது. "ஆர்மோனியம் உண்டு, தபேலா உண்டு, பறை எதற்கு?" என்றார் ஒருவர். "சாமி, கோயிலுக்குள்ளே அரசியல் வேண்டாம்" என்றார் மற்றொருவர். இருவரும் நம் பங்குக்காக ஓடியாடி உழைத்தவர்கள். எனவே அவர்களுக்கு மரியாதையோடு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்லியிருக்கிறது? பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், 1903 நவம்பர் 22 அன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை குறித்து ஒரு மடல் வெளியிட்டார். பியானோ கூடாது, மேளம் முதலிய இரைச்சற் கருவிகள் கூடாது என்று அதில் கட்டளையிட்டார். பெண்கள் பாடகர் குழுவில் சேரலாகாது என்பதும் அதே மடலில் இருந்தது. (நம் குழுவிலிருந்து பெண்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆர்மோனியமும் அதை வாசிப்பவருந்தான்!) அக்காலத்தில் இத்தாலியக் கோயில்களில் நாடகமேடைச் சங்கீதம் புகுந்து பூசையை வேடிக்கையாக்கியிருந்தது. அதை வெளியேற்றவே அவர் அவ்வளவு கண்டிப்பாக எழுதினார். பிறகு 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. ஆர்கனுக்குரிய மதிப்பை அது குறைக்கவில்லை. ஆனால், வழிபாட்டுக்குப் பொருத்தமாய், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றதாய், மக்களின் பக்தியை வளர்ப்பதாய் இருந்தால், உரிய அதிகாரிகளின் இசைவோடு மற்றக் கருவிகளையும் பயன்படுத்தலாம் என்றது.

இந்த அறுபதாண்டுக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். உரோமை மேளத்தை விலக்கியபோதும் இரைச்சலைத்தான் காரணமாகச் சொன்னது. அடிப்பவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாம் சேர்த்துக்கொண்டது.

தோலால் ஆனது என்பதா குறை? மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது, ஆட்டுத்தோல் இருக்கிறது. அதைச் சபையில் முன்வரிசையில் வைத்து மாலை போடுகிறோம். அதன் தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, வெட்டி, வார் இழுத்துக் கட்டியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் நம்மைப்போல் ஞானஸ்நானம் பெற்றவர்கள், தலித் கிறிஸ்தவர்கள். மேதை பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து என்பவரைப் பற்றியும், அவர் போன்ற மற்றவர்களைப் பற்றியும் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கம் தர இசைந்த ஒரு கலை நிறுவனம், நூலில் அரசியல் தொனிக்கிறது என்று சொல்லிக் கடைசியில் கையை விரித்துவிட்டது. ஒருவன் தோலைப் பதப்படுத்தும்போது அது அரசியல் ஆகவில்லையாம். அவன் பெயரை எழுதியதும் அரசியல் ஆகிவிட்டதாம்.

ஆகவே "கோயிலுக்குள் அரசியல் வேண்டாம்" என்ற வார்த்தையைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். கட்சிக்கொடி வேண்டாம், வேட்பாளருக்கு மேடை வேண்டாம் என்பது பொருளானால், அதை நானே கடுமையாகச் சொல்வேன். தேர்தல் காலத்தில் நம் கோயில் வாசலில் என்னென்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சிலர் வெளியே நிற்பது பழக்கம், அவர்கள் உள்ளே வருவது அரசியல் என்றால், அதை ஏற்கமுடியாது. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்தது. அதை இடித்தது 1910-இல். சுவர் எழுப்பியதும் அரசியல்தானே? நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்: 1950-ஆம் ஆண்டின் குடியரசுத்தலைவர் ஆணை அட்டவணைச் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நம் சகோதரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அரசு இவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று தள்ள, கிறிஸ்தவர்கள் இவர்களைச் சாதி சொல்லித் தள்ளினால், இவர்கள் போவது எங்கே?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பறையடிக்கும் இளைஞர்களில் ஒருவரே என்னிடம் வந்து, "சாமி, எங்கள் தாத்தாவைச் சாவுக்கு அடிக்கச் சொல்லி அதட்டி அழைத்தார்கள். அந்தக் கருவி எங்களுக்கு வேண்டாம், கிடார் கற்றுக் கொடுங்கள்" என்றார். அவர் சொல்வதும் நியாயந்தான். ஆகவே யாரும் யாரையும் பறை எடுக்கும்படி வற்புறுத்தக்கூடாது. விரும்பி வருபவர் வரட்டும். எந்தத் தெருப் பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும். கிடார் வகுப்பும் நடக்கும்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-இல் சென்னையிலுள்ள ஒரு சபையின் ஒலிபெருக்கி வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். தேர்ப்பவனி முடிய நேரமானாலும் குழாய் 10 மணிக்கு நின்றுவிடும். நம் தெருவில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

பறைத்தோலைச் சூடேற்ற நெருப்பு வேண்டும். அதைக் கெபிக்குப் பின்னால் மூட்டிக்கொள்ளலாம். கோயில் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை செபமாலைக்குப் பிறகு ஒத்திகை. ஆர்மோனியக்காரரும் பறைக்குழுவினரும் ஒரே நேரத்தில் வந்து சேரவும்.