சாப்பாவுக்காக அடித்துக்கொண்டது யாருடைய சுபாவம்?

(மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில், போராடிய துறைமுகத் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவரின் உயிரை அன்றைய அடக்குமுறை பறித்தது. அவர்களுடைய தியாகம் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அவர்கள் எதிர்த்து நின்ற 'சாப்பா' முறை எழுப்பும் ஒரு கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. மனிதனின் நடத்தை பிறப்பில் வருவதா, வாழ்நிலை தருவதா? வாழ்நிலைதான் தருகிறது என்றால், தன் செயலுக்கு அவன் பொறுப்பாளி இல்லையா?

சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. அது கையில் இருப்பவனுக்கே அன்றைக்கு வேலை. கப்பல் வந்ததும் வேலை தேடிப் பெருங்கூட்டம் திரளும், தேவைப்படுவோரோ சிலர். மூப்பன் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். அகப்பட்டவன் வீட்டில் அடுப்பெரியும். அகப்படாதவன் வெறுங்கையோடு திரும்புவான். எனவே ஒருவன் கையை மற்றவன் மிதித்தான். அண்டை வீட்டுக்காரனையே முழங்கையால் இடித்துத் தள்ளினான். எட்டி நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு முடிவு எளிதாகக் கிடைத்துவிடும்: 'கூலிக்காரர்கள் இப்படித்தான், சண்டை அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது.'

இரத்தம்தான் காரணமா? லண்டன் துறைமுகத்திலும் அன்றாட வேலைக்காக ஆட்கள் இதேபோல் முண்டியடித்தார்கள். 1889இன் பெரும் வேலைநிறுத்தம் அதை உலகறியச் செய்தது. நாடு வேறு, மொழி வேறு, நிறம் வேறு. ஆள் எடுக்கும் முறை மட்டும் ஒன்று. பிரிட்டனில் 1947இல் தொழிலாளரைப் பதிவு செய்யும் திட்டம் வந்தது. இந்தியாவில் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்தது துறைமுகத்தை எட்டுவதற்குப் போராட்டங்கள் தேவைப்பட்டன. கொச்சியிலும் பின்னர் பதிவும் முறைவைத்து வேலை வழங்கலும் வந்தன, சாப்பா ஒழிந்தது. வில்லை போனதும் வில்லைக்கான அடிதடியும் போனது. இதற்கிடையில் எவருடைய மரபணுவும் மாறிவிடவில்லை.

பிறவிக் குணம் என்ற வாதம் ஆளும் வர்க்கத்துக்கு எப்போதும் பயன்பட்டே வந்திருக்கிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், குழந்தை பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறது என்று முழுச் சமூகங்களுக்கும் முத்திரை குத்தியது. மதுரைச் சீமையில் கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அச்சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. அது விதைத்த பார்வை சிறைக் கையேடுகளில் நீடித்தது. கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்க வேண்டியிருந்தது.

இதனால் உயிரியலே பொய் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் தவறுக்குச் சோவியத் நாட்டில் பெரும் விலை கொடுக்கப்பட்டது. லைசென்கோவின் செல்வாக்கில் 1948இல் மரபியல் ஆய்வு ஒடுக்கப்பட்டது. மாபெரும் தாவர விஞ்ஞானி வாவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் மடிந்திருந்தார். பரம்பரைக்கு மனித உடலிலும் மனத்திலும் பங்கு உண்டு. ஆனால் பரம்பரையில் வருவது மாற்ற முடியாதது என்று பொருளல்ல. ஃபினைல்கீட்டோன்யூரியா என்பது பிறவியிலேயே வரும் ஒரு குறைபாடு. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்தவுடன் இரத்தச் சோதனையில் கண்டறிந்து, உணவை மட்டும் மாற்றிக் கொடுத்தால் குழந்தை நலமாக வளர்கிறது. குறைபாடு மரபணுவில் இருக்கிறது. குழந்தையின் எதிர்காலத்தையோ அந்தச் சோதனையும் உணவும் கிடைக்கின்றனவா என்பதுதான் தீர்மானிக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. சூழல்தான் மனிதனை உருவாக்குகிறது என்றால், பொறுப்பு எங்கே போயிற்று? 1845இல் ஃபாயர்பாக் பற்றிய குறிப்புகளில் மார்க்ஸ் இந்த இடத்தில்தான் பழைய பொருள்முதல்வாதிகளோடு வேறுபட்டார். சூழலால் உருவாகும் மனிதர்களே அந்தச் சூழலை மாற்றுகிறவர்களும் என்பதை அவர்கள் மறந்துவிட்டதாக அவர் சுட்டிக்காட்டினார். அதற்கு மட்டாஞ்சேரியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. வில்லைக்காகக் கட்டிப்புரண்ட அதே மனிதர்கள்தான் ஒருநாள் 'இந்த முறையே வேண்டாம்' என்று ஒன்றாக நின்றார்கள். பசி குறைந்ததால் அல்ல, பசித்திருந்தபோதே நின்றார்கள்.

பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவல்ல. வில்லை வீசும் முறையால் இலாபம் அடைந்தவருக்கு அது மிகுதி. வீசிய மூப்பனுக்கு அடுத்தது. பசியோடு பாய்ந்தவனுக்குக் குறைவு. மாற்று வழி எவ்வளவு கையில் இருந்ததோ அவ்வளவுக்குப் பொறுப்பும் உண்டு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது.

இந்த அளவுகோலைத் தோழர்கள் தம் வீட்டுக்குள்ளும் கொண்டு செல்ல வேண்டும். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒரு தொழிலாளி 'வேலையிடத்துக் கொடுமை அப்படி' என்கிறார். அந்தக் கொடுமை உண்மைதான். சங்கம் அதை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும். ஆனால் மேலாளர் முன் ஓங்காத கை வீட்டில் மட்டும் ஓங்குகிறது என்றால், எங்கே ஓங்கலாம் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து செய்வதைச் சூழலின் கணக்கில் எழுத முடியாது. அப்படி ஒருவர் கிளையில் இருந்தால், அவருடைய வறுமையைக் காட்டி அதை மூடிமறைப்பது அவருக்கும் நன்மை அல்ல, அடிபடும் பெண்ணுக்கும் நியாயம் அல்ல. அவர் மாறக் கூடியவர் என்று நம்புவதால்தான் கேள்வி கேட்கிறோம். பிறவிக் குணம் என்று நம்பினால் கேட்க என்ன இருக்கிறது?

இன்று வில்லை கைபேசிக்குள் வந்துவிட்டது. உணவு கொண்டு செல்லும் இளைஞர்கள் ஒரே தெருமுனையில் நின்று, அடுத்த அழைப்பு யாருக்கு வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று வில்லையை வீசியவன் முகமாவது தெரிந்தது. இன்று அதுவும் தெரிவதில்லை. 'இந்தத் தலைமுறைக்குச் சுயநலம் அதிகம், சங்கத்துக்கு வரமாட்டார்கள்' என்ற பேச்சு அங்கங்கே எழுகிறது. எட்டி நின்று 'சண்டை இரத்தத்தில் ஊறியது' என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அவர்கள் கூடும் தெருமுனைக்குச் செல்வதும், எந்த விதிப்படி வேலை பங்கிடப்படுகிறது என்று அவர்களோடு சேர்ந்து கேட்பதும், முறைவைத்து வேலையும் பதிவும் வேண்டும் என்ற பழைய கோரிக்கையைப் புதிதாக எழுதுவதும் இன்றைய பணி. மட்டாஞ்சேரித் தியாகிகளுக்குச் செலுத்தும் அஞ்சலி அந்தப் பணியிலிருந்தே தொடங்கட்டும்.