என்ன வேணும், தம்பி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய கதை பேசத்தான் வந்தேன். செயலாளர் விடவில்லை. "கல்வராயன் மலையில வாத்தியாரா இருந்தவன் நீ, உபயோகமா நாலு வார்த்தை பேசு" என்றார். ஆகவே ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

வெள்ளிமலையில் என்னிடம் பிளஸ் டூ படித்தவன். 17 வயதில் ரத்தப் புற்றுநோய். கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி, கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து சென்னைக்கு பஸ். மூன்றாம் மாதம், "இனிமே போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வந்த வகைக்கு இரண்டு, மூன்று வருடம் வைத்தியம் தொடர வேண்டும். பாதியில் விட்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்குப் போனேன். "உனக்கு என்ன வேணும், தம்பி?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம் சார்" என்றான். பக்கத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம் வகுப்பிலேயே படித்து, இப்போது மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "அம்மா எதிர்ல கேட்டா எந்தப் பையன்யா வாயைத் திறப்பான்?" என்று கடிந்துகொண்டார். மேல்நாடுகளில் நோயாளியிடம் ஒரு தாள் கொடுப்பார்களாம். மனபாரம் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்க வேண்டும். கீழே பணம், பயணம், படிப்பு, வீடு, தூக்கம், பயம் என்று பட்டியல். பொருந்துவதை டிக் அடித்தால் போதும். அதைத் தமிழில் எழுதி, பையன் கையில் கொடுத்துவிட்டு, நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்தேன்.

அவன் போட்ட எண் 9. நான்கு இடத்தில் டிக்.

ஒன்று, பயணம். பஸ்ஸில் வாந்தி எடுத்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்களாம். மருத்துவமனை சான்று தந்தால் ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பு இலவசம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. சின்னசேலத்தில் ரயிலேற்றினோம்.

இரண்டு, பணம். வைத்தியச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று. ஆனால் அப்பா கூடவே போனதால் மரவள்ளிக் காட்டில் வேலை நின்றுபோனது. அந்தக் கவலையை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று, படிப்பு. முடி கொட்டிய தலையோடு வகுப்புக்கு வர வெட்கம். பாடத்தை வீட்டுக்கே கொண்டுபோனோம்.

நான்காவதுதான் என்னை உலுக்கியது. "எனக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டா?" என்று பென்சிலால் எழுதியிருந்தான். சில மருந்துகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். இந்த வயதுப் பையன்களுக்கு வைத்தியம் தொடங்குமுன் விந்தணுவைச் சேமித்து வைக்க வழி உண்டு. தொடங்கிய பிறகு கேட்டு என்ன பயன்? முதல் வாரமே அந்தத் தாளைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது. டாக்டர் சாந்தா அவர்கள் 2021-இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். அப்படிப்பட்டவர்களால் மருந்து வந்துவிட்டது. ஆனால் மலையிலிருந்து வரும் பிள்ளை அந்த மருந்து முடியும்வரை தாக்குப்பிடிக்க, அவனுக்கு என்ன தேவை என்று முதலில் தெரிய வேண்டுமே!

அந்தப் பையன் மறுபடியும் சென்னைக்குப் போனான். வைத்தியத்தை முடித்தான். ஒரு வருடம் தாமதமாகப் பரீட்சை எழுதினான். இப்போது பரிசோதனைக்குத் தனியாகவே போய்வருகிறான். நான்காவது கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

நண்பர்களே, நான் நன்கொடை கேட்கவில்லை. நம்மில் சென்னையில் வீடு உள்ளவர்கள் இருக்கிறீர்கள், டாக்டர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஒரு ராத்திரி தங்க இடம், ஒரு பாடம், ஒரு போன் பேச்சு, இவற்றில் உங்களால் முடிந்ததை வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். அடுத்த பிள்ளை டிக் அடிக்கும்போது பக்கத்தில் ஒரு பெயர் இருக்கட்டும்.