பிள்ளை வேணுமா? முதலில் மாத்திரை



உங்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் பிள்ளை பெறலாம். கேட்கக் கூச்சப்பட்டு, ஆணுறையைத் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து. இருவருமாக அரசு ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் மனம் விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை இலவசம்.

நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலை 6 மாதம் நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. அதுவரை ஆணுறை கட்டாயம். டாக்டர் சரி என்ற பிறகு விடலாம். 28 நாளுக்கொரு முறை தூரமாகிறவர்களுக்கு, தூரமான முதல் நாளிலிருந்து எண்ணி 10 முதல் 16 வரை கரு தங்க ஏற்ற நாட்கள்.

கர்ப்பமானதும், "பிள்ளைக்கு ஆகாது"ன்னு யாராவது சொன்னால் மாத்திரையை நிறுத்திடாதீங்க. வயிற்றுப் பிள்ளையைக் காப்பதே அந்த மாத்திரைதான். பிரசவம் ஆஸ்பத்திரியில். பிறந்த பிள்ளைக்குக் குறைந்தது 6 வாரம் மருந்து கொடுப்பார்கள். 6 வாரத்தில் முதல் ரத்தப் பரிசோதனை.