புல்லும் ஒரு பயிரே
(தோட்ட இளைஞர்களுக்கான கால்நடை வகுப்பில் நிகழ்த்திய உரை)



மாட்டைப் பற்றிப் பேசும்படி எங்களை அழைத்தார்கள். நாங்கள் புல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மாடு வளர்க்க நம் மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காலையில் மரத்துப் பால், மாலையில் மாட்டுப் பால் என்று இரண்டையும் நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ! லயத்துக்குப் பின்னால் நின்ற ஒரு பசுவின் வருமானத்தில் பிள்ளைகளின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் நடந்தன. ஆனால் புல்லை விதைத்து, உரமிட்டு, காத்து வளர்க்க நாம் பழகவில்லை. தீம்பாருக்குள் அவிழ்த்துவிட்டால் மாடு மேய்ந்துவிட்டுத் தானே வரும் என்று இருந்துவிட்டோம்.

அந்த வழக்கம் இனிச் செல்லாது. மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லும் நோட்டீசு எத்தனையோ தோட்டங்களில் ஒட்டப்பட்டாயிற்று. அதைப் படித்தால் நமக்குக் கோபம் வருகிறது. அது நியாயமான கோபமே. ஆயினும் நிர்வாகம் சொல்வது முழுவதும் பொய்யென்று நாம் வாதாட முடியாது. நட்டு ஓராண்டான செம்பனையின் ஓலையை மாடு கடிக்கிறது. ரப்பர் மரத்தில் உராய்ந்து மங்கைத் தட்டிவிடுகிறது. எங்களுக்கு மேய்ச்சலுக்கென்று தனி நிலம் கொடுங்கள் என்று நாம் கேட்கப் போகும்போது, "கொடுத்தால் அதில் என்ன செய்வீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குக் கணக்கோடு பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

மரத்தடியிலேயே புல் இருக்கிறதே, தனி நிலம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இளங்கன்று நட்ட முதல் சில ஆண்டுகள் புல்லுக்கும் கொடிக்கும் வெயில் கிடைக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் இலைகள் மேலே கூடிவிட்டால் நிழல் கவிந்துவிடும். வெயில் இல்லாத இடத்தில் புல் ஏது? அங்கே நடக்கும் மாடு வயிற்றை நிரப்புவதைவிடக் காலை வலிக்க வைத்துக்கொள்வதே அதிகம்.

சரி, மாணவர்களுக்கு இதை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது? புத்தகத்திலிருந்து அல்ல, வெட்டுக் கத்தியிலிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பால்வெட்டுக்காரர் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பாதி வீட்டிலேயே இருக்கிறது. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது என்று அப்பா சொல்லியிருப்பார். புல்லும் அப்படியே. நேப்பியர் புல்லையோ கினிப் புல்லையோ தரையோடு சேர்த்து அறுத்தால் அடுத்த துளிருக்கு வேண்டிய சத்து அடிக்கட்டையோடு போய்விடும். ஆறு அங்குலமாவது விட்டு அறுக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன் வெட்டுகிறோம்? மரம் இழந்ததை மறுபடி ஊற வைக்கத்தான். புல்லுக்கு வேண்டிய ஓய்வு நாட்கணக்கல்ல, வாரக் கணக்கு.

இனி, நடுவதற்கு முன்பு செய்ய வேண்டியது. லாலான் இருந்தால் நெருப்பு வைப்பதால் பயனில்லை. அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. எரித்த மறுவாரமே ஊசி ஊசியாக எழும்பும். வெயில் காலத்தில் வெட்டிப் புரட்டி, தண்டை வெளியே போட்டுக் காயவிட வேண்டும். நம் மண் புளிப்பு மண். சுண்ணாம்பும் பாறை பாஸ்பேட்டும் கொட்டகைச் சாணமும் அதற்குத் தேவை. நேப்பியரை மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு சாய்த்து நடலாம். கினிப் புல்லை வேரோடு பிரித்து நடலாம்.

தோட்டத்தில் மண்ணை மூடப் போடும் கொடிகளையும் மாணவர்கள் அடையாளம் காண வேண்டும். புவரேரியாவையும் சென்ட்ரோசீமாவையும் மாடு விரும்பித் தின்னும். கலப்பகோனியத்தின் இலையில் மயிர் இருப்பதால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இந்தக் கொடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தைக் கொடி மண்ணுக்குக் கொண்டுவருகிறது என்று பொருள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் இல்லை!

அடுத்தது கணக்கு. 300 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பச்சைப் புல் தின்னும். ஆண்டுக்கு ஏறக்குறைய 11 டன். நம் புல்வெளி எவ்வளவு தரும்? நான்கு குச்சிகளால் ஒரு மீட்டர்ச் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கும் புல்லை அறுத்து மாணவர்களே நிறுக்கட்டும். இரண்டு கிலோ வந்தால் ஓர் ஏக்கருக்கு ஓர் அறுப்பில் எட்டு டன். ஆண்டில் ஐந்து அறுப்பு என்றால் 40 டன். மூன்று பசுக்களுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும். ஒரு கிலோதான் வந்தது என்றால்? ஒன்றரைப் பசுவை யாரும் வளர்க்க முடியாது. உரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது மாட்டைக் குறைக்க வேண்டும். இதைப் பெரியவர்களிடம் சொல்வது சுலபமல்ல. மாட்டின் எண்ணிக்கையே கௌரவம் என்று நினைப்பவர் நம்மில் இன்னும் உண்டு.

அறுத்துப் போடாமல் மேயவிடுவதானால் நிலத்தை எட்டுக் கட்டமாக வேலியிட்டு, கட்டத்துக்கு நான்கு நாள் விடலாம். மேய்ந்த கட்டம் 28 நாள் ஓய்ந்திருக்கும். இதில் புல் வளர்வதோடு இன்னொரு நன்மையும் உண்டு. சாணத்தோடு விழும் குடற்புழுவின் முட்டை, நம் ஈரச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் குஞ்சாகிப் புல்லில் ஏறிவிடும். மாடு அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். திரும்பி வருவதற்குள் புழுக்களில் பெரும்பகுதி பட்டினியில் செத்திருக்கும். கன்றுகளுக்கு இது பெரிய காப்பு.

மருந்தடித்த இடத்தின் புல்லைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முற்காலத்தில் லாலானைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அது பட்ட புல்லைத் தின்று மாடுகள் செத்தன. பராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. எந்தத் தீம்பாரில் என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கட்டுப் புல்லும் வெட்டக் கூடாது.

கிராணிமார் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்குச் செக்ரோல் எழுதுவது போல, கட்டத்துக்கும் ஒரு செக்ரோல் எழுத மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மாடு என்று உள்ளே போனது, என்று வெளியே வந்தது, எத்தனை கிலோ அறுத்தார்கள், எவ்வளவு பால் கிடைத்தது, எல்லாம் தேதியோடு இருக்கட்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். நம் லயங்களில் புல்லுக் கட்டைத் தலையில் சுமந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. சுமந்தவருக்குக் கணக்கைச் சொல்லாமல் வைத்திருப்பது என்ன நியாயம்?

தோட்ட நிர்வாகத்திடம் இரண்டு ஏக்கர் கேட்டு மனு எழுதப் போகிறோம். வாய்ப்பேச்சு உதவாது. ஆண்டு வரையறுத்து, எல்லை குறித்து, கையெழுத்தோடு பெற வேண்டும். இல்லையேல் புல் தழைத்த பிறகு மறுநடவுக்கு நிலம் வேண்டுமென்று எடுத்துக்கொள்வார்கள். மனுவோடு மாணவர்கள் நிறுத்த கணக்கையும் இணைப்போம். ஆகவே ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பள்ளித் திடலின் பின்புறம் கூடுவோம். அரிவாள், தராசு, நான்கு குச்சிகள், ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். மழை பெய்தால் அறுத்த புல்லில் தண்ணீர் சேர்ந்து எடை கூடிவிடும். அன்று நிறுக்காமல் அடுத்த ஞாயிறு நிறுப்போம்.