பிரபுக்கள் சபையில் ஓர் அத்தியட்சர்



கத்தோலிக்கர் இன்று ஆயர் என்றும், எங்கள் பாட்டனார் காலத்தில் மேற்றிராணியார் என்றும், அங்கிலிக்கன் திருச்சபையார் அத்தியட்சர் என்றும் வழங்கும் அந்த உயர்பதவியை வகிப்பவர் ஒருவர், பீடத்தை விட்டிறங்கி ஒரு தேசத்தின் சட்டசபையில் எழுந்து நின்று பேசுவாராயின், அந்தப் பேச்சு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். "சாமிமாருக்கு ஏன் அரசியல்?" என்று எங்கள் வாழைச்சேனைப் பகுதியின் ஓட்டமாவடிச் சந்தியிலும் கேட்பார்கள், பேத்தாழையிலும் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சென்னை மாகாணத்திலிருந்து இந்திய அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற யேசு சபைத் துறவி ஜெரோம் டி சூசா அடிகளாரையும், 2004இல் நமது இலங்கைப் பாராளுமன்றத்துக்குச் சென்ற ஒன்பது பௌத்த பிக்குமாரையும் இங்கே நினைவுகூரலாம். எனினும் அவர்கள் தெரிவு செய்யப்பட்டுச் சென்றவர்கள். பதவியின் பேராலேயே ஆசனம் பெறுவோர், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் அமரும் 26 அத்தியட்சர்கள். ஒரே திருச்சபைக்கு மாத்திரம் உரிய அந்த ஏற்பாட்டை, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் நம் பகுதிக்கு நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆயினும் ஆசனம் வேறு. அதில் அமர்ந்த ஒருவர் செய்துகாட்டிய காரியம் வேறு.

அந்த ஒருவர் ஜோர்ஜ் பெல். 1929 முதல் 1958 வரை சிச்செஸ்டர் என்னும் தலத்தின் அத்தியட்சர். அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின் அவர்மீது எழுந்த கடுமையான குற்றச்சாட்டையும், அதைத் திருச்சபை விசாரித்த முறை பிழையென்று கார்லைல் பிரபுவின் அறிக்கை 2017இல் கண்டதையும் நான் அறியாதவனல்லன். இன்று எனக்கு விஷயம் அவருடைய சபைப்பேச்சு மாத்திரமே.

1938 ஜூலையில் அவர் அச்சபையில் நிகழ்த்திய கன்னிப்பேச்சே அகதிகளைப் பற்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்த ஜெர்மானியரையே ஜெர்மானியர் என்ற காரணத்தால் பிரித்தானிய அரசு பிடித்து அடைத்தபோது, லிவர்பூலுக்கு அருகிலுள்ள ஹைற்றன் முகாமுக்கும் மான் தீவிலுள்ள முகாம்களுக்கும் அவர் நேரிற் சென்று, அங்கே இருந்தவர்களோடு பேசித் திரும்பிய பின்பே, ஆகஸ்ட் 6ஆம் திகதி சபையில் எழுந்தார். முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவரின் பேச்சுக்கும், உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து கேட்டவரின் பேச்சுக்கும் உள்ள பேதத்தை இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுகொள்வார்கள்.

அவருடைய கலையின் சிகரம் 1944 பெப்ரவரி 9ஆம் திகதி. ஜெர்மனியின் நகரங்களைப் பிரித்தானிய விமானங்கள் பகுதி பகுதியாக அழித்துவந்த காலம். நாடு முழுவதும் வெற்றிக்காக ஏங்கிநின்ற காலம். அவர் பேச எழுமுன் அமைச்சர் வூல்ற்றன் பிரபு அவரிடம் வந்து, இந்தப் பேச்சை நீர் பேசாதிருக்க வேண்டும் என்று விரும்பாதவர் இச்சபையில் ஒருவருமில்லை, ஆனால் அது உமது கடமை என்று நம்பியே பேசுகிறீர் என்பதை அறியாதவரும் ஒருவருமில்லை என்ற கருத்துப்படச் சொன்னதாகப் பெல்லின் சரித்திரத்தில் உண்டு. எதிர்த்தரப்பார் ஒருவரிடமிருந்து இத்தகைய சொல்லைப் பெற்றுக்கொண்டு எழுவதைவிடப் பெரிய முன்னுரை வேறென்ன?

சிவஞானசித்தியாரில் பிறர் கொள்கையை எடுத்துக்கொள்ளும் பரபக்கம் முன்னும், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் பின்னுமாக அமைந்திருப்பதை நம் சைவ நேயர்கள் அறிவர். பெல்லும் அந்த வரிசையிலேயே போனார். நகரங்களின்மீது குண்டுவீச்சைத் தொடங்கியவர்கள் ஜெர்மானியரே என்று முதலில் ஒப்புக்கொண்டு, வார்சோவையும் றொட்டர்டாமையும் கொவென்றியையும் பேர் சொல்லி நினைவூட்டினார். விமானிகளின் தீரத்துக்கு மரியாதை செலுத்தினார். ஆயுதத் தொழிற்சாலையைக் குறிவைத்த தாக்குதலில் அயலிலுள்ளோர் மடிவது தவிர்க்கவொண்ணாதது என்பதையும் மறுக்கவில்லை. ஹாம்பேர்க்கில் முக்கியமான இராணுவ இலக்குகள் உண்டென்பதையும் தாமே சொன்னார். இவ்வாறு எதிர்த்தரப்பின் கையிலிருந்த அம்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகத் தாமே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதன் பின்பே அந்நகரில் 28,000 பேர் மாண்டதையும், வீடுகளும் ஆலயங்களும் தரைமட்டமானதையும், எட்டு இலட்சம் நூல்கள் கொண்ட சர்வகலாசாலை நூலகத்தில் முக்கால் பங்கு அழிந்ததையும் எடுத்துரைத்தார். நூலகம் எரிந்த கணக்கை ஓர் அத்தியட்சர் சபையேட்டில் பதியவைத்தார் என்பதை, யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981இன் பின் வாழும் தமிழன் எவனும் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டான்.

அவர் நாவன்மை படைத்தவர் அல்லர். சபையைச் சொல்லால் ஆட்டிவைக்கும் வித்தை அவரிடம் இல்லை. அன்று அவர் பிரசங்கம் செய்யவுமில்லை. எதிரியின் நகரங்கள்மீது குண்டு வீசுவதில் அரசின் கொள்கை என்ன, அதனாற் பொதுமக்களுக்கும் இராணுவத்தோடு சம்பந்தமில்லாத பொருள்களுக்கும் நேரும் விளைவு பற்றி அரசு என்ன சொல்கிறது என்று கேள்வி கேட்டார். அவ்வளவுதான். பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். கேள்விக்கு அமைச்சர் ஒருவர் எழுந்து நின்று விடை சொல்லியே ஆகவேண்டும். வாக்காளரும் கட்சியும் இல்லாதவருக்குச் சபையில் உள்ள ஒரே பலம் அதுவே என்பதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார். நான் அவரை மெச்சுவது முதன்மையாக இதற்காகவே.

விடை கிரான்போர்ன் பிரபுவிடமிருந்து வந்தது. அரசு தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. முன்னாட் பேராயர் லாங் மாத்திரம் துணைநின்றார். மறு ஆண்டு பெப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தது. 1944 அக்டோபரில் பேராயர் ரெம்பிள் காலமானபோது கன்ரபரிப் பீடம் பெல்லுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சே காரணம் என்று பலரும் கருதினர். அவர் சிச்செஸ்டரிலேயே இருந்து தம் பணியைத் தொடர்ந்தார்.

விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய நாட்கள் எங்களுக்கும் இருந்தன. அந்நாட்களில், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, யேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் இந்த வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அமெரிக்காவிலே பிறந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அந்த மனிதர் போய்ச் சேரவில்லை. அந்த வீதியால் பஸ்ஸிலே போகும்போதெல்லாம், அவர் எங்கே என்று இடமும் திகதியும் பிசகாமற் கேட்கும் ஒரு கேள்வி, அமைச்சர் ஒருவர் எழுந்து நின்று விடை சொல்லவேண்டிய ஒரு சபையின் ஏட்டிலே இருத்தல் வேண்டும் என்று என் மனம் கேட்டுக்கொண்டே வருகிறது.